செபஸ்தியாரின் கிளினிக் கார்ட்

போன மாதம் ஷிபானாவிடமிருந்து ஒரு வொய்ஸ் மெசேஜ் வந்தது. திகனவிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளை. நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேசை அவளுக்குத்தான் போயிற்று. ஏதோ பயிற்சி வகுப்புக்குப் போயிருக்கிறாள். நாங்கள் வருஷக்கணக்காக நோயாளிகளின் காலில் ஒட்டிவந்த கலர் டேப்பால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்று அங்கே பேச வந்தவர் சொல்லிவிட்டாராம். "மிஸ், நீங்க எத்தின பேருக்கு ஒட்டியிருப்பீங்க. உண்மையச் சொல்லுங்க, அது வேலை செய்யுமா? அல்லாவுக்காக மழுப்பாதீங்க" என்று கேட்டிருந்தாள்.

நானும் வொய்ஸ் மெசேஜிலேயே பதில் சொல்லத் தொடங்கினேன். பதினொரு நிமிஷம் பேசியும் விஷயத்துக்கு வந்து சேரவில்லை. அழித்துவிட்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நாவலப்பிட்டியில் பள்ளிக்கூடம், கொழும்பில் பிசியோதெரபி, பிறகு கண்டிப் பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றில் முப்பது வருஷத்துக்குக் கிட்ட. எலும்புக்கும் தசைக்கும் லத்தீனில் பெயர் சொல்லித் தந்தார்கள். ஆனால் நோயாளிகள் வலியைச் சொல்வது சிங்களத்திலும் மூன்று விதத் தமிழிலும். அதை எந்த வகுப்பிலும் சொல்லித் தரவில்லை. அந்தக் குறை எங்கே போய் முட்டியது என்பதுதான் இந்தக் கதை.

எங்கள் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் பரமநாதன் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். மழையோ வெயிலோ டை கட்டாமல் வரமாட்டார். சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அவருக்குக் கோபம் வந்தால் "ஓம்" என்பார், சந்தோஷம் வந்தாலும் "ஓம்" என்பார். அவர் ஊரில் ஆமாம் என்பது அப்படி. எந்த ஓம் என்று கண்டுபிடிக்க எனக்கு நான்கு வருஷம் பிடித்தது. மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு சிறிய கத்தரிக்கோல் வைத்திருந்தார். அதை யாரும் தொடக் கூடாது. மூக்குக் கண்ணாடி பாட்டுக்கு எங்கேயாவது கிடக்கும், மூன்று தடவை அதன் மேல் அவரே உட்கார்ந்திருக்கிறார்.

அந்த டேப் எங்களிடம் வந்தபோது நான் வேலையில் பாதி தூரம் வந்துவிட்டேன். பருத்தித் துணிப் பட்டைதான், ஆனால் ரப்பர் போல இழுபடும், ஒரு பக்கம் பசை. கணுக்கால் பிரண்டு பிரண்டு விழுகிறவர்கள், பக்கவாதம் வந்து நடை தள்ளாடுகிறவர்கள் என்று எல்லாருக்கும் ஒட்டினோம். "பிள்ளை, இது காலைத் தாங்காது" என்று சேர் முதல் நாளே சொன்னார். "தோலைத் தொட்டுக்கொண்டிருக்கும். கால் எங்க இருக்கெண்டு ஆளுக்கு ஞாபகப்படுத்தும். அவ்வளவுதான். மிச்சத்தை ஆள் செய்ய வேணும்."

அவர் ஒட்டுவதைப் பார்க்க வேண்டும். முதலில் ஸ்பிரிட்டால் துடைப்பார், ஏனென்றால் தோட்டத்து ஆட்கள் டொக்டரைப் பார்க்க வருவதென்றால் மரியாதைக்குக் காலில் தைலம் தடவிக்கொண்டுதான் வருவார்கள். தைலத்தில் டேப் ஒட்டாது. பிறகு அளந்து வெட்டுவார். வெட்டிய துண்டின் நான்கு மூலைகளையும் வளைத்து நறுக்குவார். மூலை இருந்தால் காற்சட்டையில் மாட்டி உரியும் என்பார். பின்பக்கத்துக் காகிதத்தை நடுவில் கிழிப்பார். முதல் இரண்டு விரற்கடையை இழுக்காமல் வைப்பார். நடுவில் மாத்திரம் கொஞ்சம் இழுப்பார். கடைசி இரண்டு விரற்கடையையும் இழுக்காமல் படுக்க வைப்பார். "தொடக்கத்திலயும் முடிவிலயும் இழுக்கப்படாது" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஓய்வு பெறும் வரைக்கும் ஒவ்வொரு காலுக்கும் சொன்னார். கடைசியில் உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்குவார். அந்தச் சூட்டில்தான் பசை பிடிக்கும்.

டேப் எப்போதும் கையிருப்பில் இருக்காது. அதனால் நோயாளிகளிடம் "அடுத்த முறை வரும்போது டேப் ஒன்று வாங்கிக்கொண்டு வாங்க" என்போம். பார்மசியில் வாங்க வேண்டும் என்று சொல்ல மறந்துவிடுவோம். ஒருவர் தையற்காரரின் அளவு டேப் கொண்டு வந்தார். இன்னொருவர் பெட்ஷீட்டில் சுற்றி, கலஹா பஸ்ஸில் இரண்டு சீட்டுக்கு இடம் பிடித்து, வீட்டிலிருந்த டேப் ரெக்கோடரைக் கொண்டு வந்தார். சேர் அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பாடுமோ?" என்று கேட்டார். பாடியது. அன்றைக்கு ஆடும் பலகையில் ஏறிப் பயிற்சி செய்த அத்தனை பேரும் முகம் சுளிக்காமல் செய்தார்கள். அப்படி ஒரு நாள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

கலர் வேறு ஒரு தலைவலி. முதல் பெட்டியில் நீலம், பச்சை, சிவப்பு என்று மூன்றுதான் வந்தன. வந்த நேரம் தேர்தல் காலம், மூன்றும் மூன்று கட்சியின் கலர். முழங்காலில் பச்சை ஒட்டிப் போன கிளார்க் ஒருவர் அரைமணி நேரத்தில் திரும்பி வந்து, ஒஃபீஸில் வேலை செய்ய முடியாது, நீலம் போடுங்கள் என்று நின்றார். சிவப்பு ஒட்டியவரை பஸ்ஸில் வேறு ஒருவர் தோழர் என்று கூப்பிட்டுக் கைகொடுத்திருக்கிறார், ஒட்டியவரோ எதிர்க்கட்சி. சேர் யோசித்துவிட்டு, அடுத்த ஓர்டரில் ரோஸ் கலர் மாத்திரம் எடுப்பித்தார். "இந்தக் கலருக்கு இன்னும் கட்சி இல்லை" என்றார். ஆம்பிளைகள் ரோஸ் வேண்டாம் என்றார்கள். சேர் குனிந்து, தன் காற்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக் காட்டினார். அங்கே ரோஸ் கலரில் இரண்டு பட்டை. அதற்குப் பிறகு எல்லாரும் காலை நீட்டினார்கள்.

ஆரோக்கியசாமி வந்தது இந்த ரோஸ் காலத்தில்தான்.

கலஹாப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் தேயிலை ஸ்டோரில், அதாவது கொழுந்து அரைக்கும் தொழிற்சாலையில், வேலை செய்தவர். ஐம்பது வயது இருக்கும். பெயருக்கு ஏற்ற உடம்பு, வலது கணுக்காலைத் தவிர. அவர்களுடைய கோயிலில் வருஷா வருஷம், உடம்பில் அம்பு பாய்ந்த புனிதர் செபஸ்தியாரின் திருநாள். சுரூபத்தைச் சப்பரத்தில் வைத்து, நான்கு பேர் தோளில் தூக்கிக்கொண்டு தொழிலாளர் குடியிருக்கும் லயங்களைச் சுற்றி வருவார்கள். சப்பரத்துக்கு இரண்டு கம்பு. வலது கம்பின் முன்பக்கம் சவரிமுத்து மூப்பர். கோயில் சாவி முதல் திருநாள் கணக்கு வரைக்கும் அவர் பொறுப்பு. அதே கம்பின் பின்பக்கம் ஆரோக்கியம்.

முந்தின வருஷம் ஸ்டோருக்குக் கீழே உள்ள வளைவில் கம்பு திடீரென்று இறங்கி, செபஸ்தியார் சாய்ந்து, வலது கைச் சுண்டு விரல் உடைந்துவிட்டது. சனம் கூடிப் பார்த்தபோது மூப்பரும் மற்ற இருவரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஆரோக்கியம் ரோட்டில் உட்கார்ந்திருந்தார், கால் பலாக்காய் மாதிரி வீங்கிக்கொண்டிருந்தது. வீங்கிய கால் அந்த இடத்தில் அது ஒன்றுதான். வழக்கு அங்கேயே முடிந்துவிட்டது.

அதிலிருந்து அவருக்குப் பெயர் ஆட்டக்கால். தண்ணீர்ப் பீலியில் அவர் மனைவியிடம் "ஆட்டக்கால் வீட்டு வாளி எது?" என்று கேட்டிருக்கிறார்கள். வீக்கம் வடிந்து பல மாதம் ஆன பிறகும், மூப்பர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்: கால் ஆடுகிறவனுக்குக் கம்பு கிடையாது, ஆடாது என்று ஆஸ்பத்திரியிலிருந்து லெட்டர் கொண்டு வந்தால் பார்க்கலாம்.

"எனக்கு அந்தக் கம்பு வேணும் மிஸ்" என்றார் முதல் நாளே. "எங்கப்பா தோள் பட்டுப் பட்டு வழவழன்னு ஆன எடம் மிஸ் அது. வேற ஒருத்தன் தோள் அதுல படுறதப் பாத்துக்கிட்டு என்னால மெழுகுதிரி புடிச்சிட்டு நடக்க ஏலாது." சொல்லிவிட்டு அழுதார். கணுக்காலுக்காக அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன், கம்புக்காக அழுத ஆள் இவர்தான்.

திருநாளுக்கு மூன்று மாதம் இருந்தது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் வந்தார். நான் டேப் ஒட்டினேன், பயிற்சி கொடுத்தேன். ஒரு மாதத்தில் ஆடும் பலகையில் ஏறி நின்று பல் துலக்கிக் காட்டுவார் போல ஆகிவிட்டார். கண்ணை மூடி ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால், செபமாலையில் பத்து மணிக்கான செபம் முழுவதையும் சொல்லி முடித்துத்தான் காலை இறக்குவார். ஸ்டொப்வொட்சை நிறுத்த மறந்து நானும் ஆமென் சொல்லியிருக்கிறேன்.

ஆனால் ஒவ்வொரு திங்களும் நான் "இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்பேன். அவரும் ஒவ்வொரு திங்களும் ஒரே பதில்தான் சொல்வார்.

"தோள்ல ஏத்துனா ஆடுதுங்க."

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலைச் சுற்றி ஒத்திகை பார்ப்பார்களாம். மூப்பர் இவரைக் கம்பில் ஒரு சுற்று விட்டுப் பார்ப்பார், பிறகு "பாத்தியா, ஆடுது" என்று இறக்கிவிடுவார். நான் கார்டில் இங்கிலீஷில் எழுதுவேன்: பாரம் ஏற்றும்போது வலது கணுக்கால் நிலையாக இல்லை. ஒன்பது திங்கள், ஒன்பது தடவை எழுதினேன்.

பத்தாவது திங்கள் சேர் கார்டை வாங்கிப் பார்த்தார். ஆரோக்கியத்தின் காலைப் பிடித்து எல்லாப் பக்கமும் திருப்பினார். "ஓம்" என்றார். இது கோப ஓம். "பிள்ளை, இந்தக் கால் உம்முடைய காலை விடத் திறம். பாரம் ஏற்றினால் ஆடுதெண்டால் பாரம் ஏற்றித்தான் பார்க்க வேணும். கதிரையைக் கொண்டு வாரும்."

பழைய ஸ்ட்ரெச்சர் ஒன்றின் இரண்டு கம்பையும் உருவி, ஒரு மரக் கதிரையின் இரு பக்கமும் கிரேப் பண்டேஜால் கட்டினோம். சேர் டையைச் சரிசெய்துகொண்டு கதிரையில் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் மேல் ஒரு புத்தகம், புத்தகத்தின் மேல் விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய கிளாஸ். "தண்ணி சிந்தினால் ஆட்டம். சிந்தாட்டில் ஆட்டம் இல்லை. தூக்குங்கோ" என்றார்.

வலது கம்பின் முன்பக்கம் எங்கள் அட்டென்டன் பண்டார. பின்பக்கம் ஆரோக்கியம். இடது கம்பின் முன்பக்கம் நான். நான்காவது ஆளுக்கு எங்கே போவது? முழங்கால் குணமாகி, நன்றி சொல்ல ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்திருந்த பஸ் ட்ரைவர் ஒருவர் பழத்தைக் கீழே வைத்துவிட்டு வந்து தோள் கொடுத்தார்.

கொரிடோரில் போனோம். எக்ஸ்ரே அறைக்கு வெளியே வரிசையில் இருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார். சேர் கிளாஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. திருப்பத்தில் ஆஸ்பத்திரியின் பெரிய டொக்டர் எதிரே வந்தார். கொஞ்ச நேரம் எங்களைப் பார்த்தார். "மொகத மே?" என்று சிங்களத்தில் கேட்டார், என்ன இது என்று.

"பெலன்ஸ் டெஸ்ட், சேர்" என்றார் மேலே இருந்தவர்.

பெரிய டொக்டர் யோசித்தார். பிறகு சுவரோடு ஒட்டி நின்று வழி விட்டார். அதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலையும் கேட்க வேண்டி வரும் என்று பயந்திருப்பார்.

போய், திரும்பி, படிக்கட்டு ஆறு ஏறி, ஆறு இறங்கி வந்தோம். ஒரு சொட்டும் சிந்தவில்லை. சேர் கதிரையில் இருந்தபடியே அந்தத் தண்ணீரைக் குடித்தார். குடித்துவிட்டுக் கேட்டார்:

"உம்முடைய காலில ஆட்டம் இல்லை. அப்ப என்னதான் ஆடுது?"

"சாமிதாங்க ஆடுது" என்றார் ஆரோக்கியம்.

"எந்தச் சாமி?"

"செபஸ்தியாருங்க. அம்பு பட்டப்பவே ஆடாதவரு, தோள்ல ஏத்துனா ஆடுறாரு. போன ஞாயித்துக்கெழம நான் தூக்காம ஓரமா நின்னு பாத்தேன். அப்பவும் ஆடுனாரு."

"இவ்வளவு நாளும் கால் ஆடுதெண்டல்லோ சொன்னீர்?"

"நான் எப்ப சேர் காலுன்னு சொன்னேன்? மிஸ் எப்படி இருக்குன்னு கேட்டாங்க. ஆடுதுன்னு சொன்னேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், வாழைப்பழ ட்ரைவர் உட்பட. நான் கார்டைப் பார்த்தேன். அவர் சொன்னது ஒரே சொல். எது என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. வலது கணுக்காலை எழுதியது நான். ஒன்பது தடவையும் நான். லயம் முழுக்க அந்தக் காலுக்குத் தீர்ப்பு எழுதியது போதாதென்று, அரசாங்கக் கார்டிலும் எழுதி வைத்திருந்தேன். அன்றைக்கு எனக்கு வந்த வெட்கத்தை இப்போது நினைத்தாலும் காது சுடுகிறது.

சேர் என்னைத் திட்டவில்லை. அது இன்னும் மோசம். "பிள்ளை, புதுக் கார்ட் ஒன்று எடும்" என்றார். எடுத்தேன். "பெயர்?" என்றார். நான் புரியாமல் விழித்தேன். "நோயாளியின்ட பெயர். செபஸ்தியார் எண்டு எழுதும். வயது தெரியாது. முறைப்பாடு: ஆடுது. இந்த முறை எது ஆடுதெண்டும் எழுதும்."

திருநாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பூசை வைக்க மாதத்தில் ஒரு தடவை வரும் சுவாமியிடம் ஆரோக்கியம் ஃபோனில் அனுமதி வாங்கியிருந்தார். சுரூபத்தில் ஆணி அடிக்கக் கூடாது, துளை போடக் கூடாது, பழைய சாந்து, வெடித்துவிடும் என்பது நிபந்தனை. காலையில் சேரும் நானும் பேராதனையில் கலஹா பஸ் பிடித்தோம். சேர் டையோடு வந்தார். கையில் கண்ணாடிக் கூடு.

மூப்பர் கோயில் வாசலில் நின்றார். மெலிந்த, உயரமான மனிதர். "லெட்டர் கொண்டு வரச் சொன்னா, ஆஸ்பத்திரியையே கூட்டிட்டு வந்திருக்கான்" என்றார். சுவாமியின் சொல்லைத் தட்ட முடியாமல் கதவைத் திறந்தார்.

சேர் தன் முறையை ஒரு அணுவும் மாற்றவில்லை. முதலில் சுரூபம் பீடத்தில் நிற்கும்போது பார்த்தார், ஆட்டம் இல்லை. சப்பரத்தில் ஏற்றிப் பார்த்தார், கொஞ்சம் ஆட்டம். நான்கு பேரைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார், நல்ல ஆட்டம். ஒவ்வொன்றையும் நான் கார்டில் குறித்தேன். பிறகு செபஸ்தியாரைப் பக்குவமாகப் படுக்க வைத்துக் காலடியைத் தடவிப் பார்த்தார். அடிப்பலகையில் ஒரு மர ஆப்பு இருந்தது, அது சப்பரத்தின் துளையில் இறங்கி நிற்க வேண்டும். ஆப்பு தேய்ந்து மெலிந்து, துளைக்குள் விரல் விடும் அளவுக்கு இடைவெளி. "கணுக்கால் தளர்ச்சி" என்றார் சேர். கூடியிருந்த சனம் அதை நம்பியது.

"ஆப்பில டேப் சுற்றி இறுக்கினால் நிற்கும்" என்றார். அப்போதுதான் நான் பையைத் திறந்தேன். ரோலில் மிச்சம் இருந்தது ஒன்றரை முழம். கடைசி ரோல். ஆப்புக்கே அவ்வளவும் வேண்டும். ஆரோக்கியத்தின் காலுக்கும் அன்றைக்குப் புதிதாக ஒட்டுவதாகச் சொல்லியிருந்தேன், பழையதை அப்போதுதான் உரித்துவிட்டு, தைலம் தடவாத காலை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்.

ஒரே டேப், இரண்டு நோயாளி. சேர் ஆரோக்கியத்தைப் பார்த்தார்.

அவர் தன் காலைப் பார்த்தார். மூன்று மாதம் அந்த ரோஸ் பட்டை இல்லாமல் அவர் ஒரு அடி வைத்ததில்லை. பிறகு காலை உள்ளே இழுத்துக்கொண்டார். "சாமிக்குப் போடுங்க சேர். நான் பாத்துக்கிறேன்."

சேர் ஆப்பை ஸ்பிரிட்டால் துடைத்தார், வருஷக்கணக்கான மெழுகும் எண்ணெயும் கறுப்பாக வந்தது. டேப்பை வெட்டினார், மூலைகளை வளைத்தார். சுற்றும்போது, தொடக்கத்திலும் முடிவிலும் இழுக்கப்படாது என்று செபஸ்தியாரிடமும் சொன்னார். உள்ளங்கையால் தேய்த்துச் சூடாக்கினார். சுரூபத்தை இறக்கினோம். சிக்கென்று உட்கார்ந்தது. தூக்கிக் குலுக்கினார்கள். அசையவில்லை. ரோஸ் கலர் தெரியாமல் பெண்கள் பூ வைத்து மறைத்தார்கள். கம்பைத் தராமல் இருக்க மூப்பரிடம் காரணம் ஒன்றும் மிச்சமில்லை.

சாயந்தரம் மெல்லிய தூறல். சேரும் நானும் ஒரு குடைக்குள் ஸ்டோர் வளைவில் நின்றோம். பாட்டு முதலில் வந்தது, பிறகு மெழுகுதிரிகள், பிறகு சப்பரம். பார்த்ததும் எனக்கு விளங்கவில்லை. செபஸ்தியார் தூண் மாதிரி நேராக வந்தார். தூக்கியவர்கள்தான் தள்ளாடினார்கள்.

சேருக்கு உடனே விளங்கிவிட்டது. "வருஷக் கணக்கா சாமி ஆட ஆட, இவையளும் எதிர்ப்பக்கம் சாய்ஞ்சு பழகிட்டினம். இப்ப சாமி ஆடயில்லை. இவை சாயிறதை விடயில்லை." இடது கம்புக்காரர் இருவரும் வராத ஆட்டத்துக்கு வலது பக்கம் சாய்ந்தார்கள். மூப்பர் வராத ஆட்டத்துக்கு இடது பக்கம் சாய்ந்தார், பிறகு திடுக்கிட்டு மறுபக்கம் சாய்ந்தார். நேராக நடந்த ஒரே ஆள், சேரையும் தண்ணீர்க் கிளாஸையும் தூக்கிப் பழகிய ஆரோக்கியம்.

வளைவின் உட்பக்கம் ஒரு கான் ஓடுகிறது, மழைத்தண்ணீர் போகும் ஆழமான வாய்க்கால். மூப்பர் அதில் வலது காலை விட்டார். ஆள் இடுப்பு வரை மறைந்துவிட்டார். கம்பின் முன்பக்கம் சொத்தென்று இறங்கியது. சனம் ஐயோ சேசுவே என்றது. நான் சேரின் கையைப் பிடித்து நகத்தால் கீறிவிட்டேன்.

ஆரோக்கியம் அரை அடி முன்னால் நகர்ந்தார். கம்பை இரண்டு கையாலும் வாரித் தோளில் ஏற்றினார். வலது பக்கத்துப் பாரம் முழுவதும் இப்போது அவர் மேல். அவருடைய கணுக்காலைத்தான் நான் பார்த்தேன். ஈர மண்ணில், டேப் இல்லாத வெறுங்கால். வாரா வாரம் நான் எழுதிப் பழிபோட்ட கால். நரம்பு புடைத்து ஒரு தடவை நடுங்கியது. பிறகு நின்றது.

"மெதுவா எந்திரிங்க மூப்பரே" என்றார், கீழே குனியாமலே. "அவசரமில்ல. நான் புடிச்சிருக்கேன்."

மூப்பரைத் தூக்கி எடுக்க ஒரு பாட்டு முடியும் அளவு நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் ஆரோக்கியம் அசையவில்லை. நான் வெட்கப்படாமல் அழுதேன். சேர் "ஓம்" என்றார், அது நான் அதுவரை கேட்காத வகை. என் பையிலிருந்து இரண்டு கார்டையும் வாங்கி, குடைக்குள் வைத்து, இரண்டிலும் டிஸ்சார்ஜ் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். செபஸ்தியாருடையதில் தூறல் பட்டு மை கொஞ்சம் பரவியது.

அடுத்த நாள் திங்கட்கிழமை. வழக்கமான நேரத்துக்கு ஆரோக்கியம் வந்தார். தனியாக இல்லை. மூப்பரைத் தாங்கிப் பிடித்து பஸ்ஸிலிருந்து இறக்கிக் கூட்டி வந்திருந்தார். மூப்பரின் வலது கால் பலாக்காய் மாதிரி இருந்தது. உட்கார வைத்தேன். புதுக் கார்ட் எடுத்தேன்.

"ஆடுதுங்க" என்றார் மூப்பர்.

நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். "எது?" என்று கேட்டேன்.

அவர் காலைப் பார்த்தார், பிறகு பக்கத்தில் நின்ற ஆரோக்கியத்தைப் பார்த்தார். பிறகு என்னிடம்தான் சொன்னார், அவரிடம் சொல்ல முடியவில்லை போல.

"என் காலுதான் மிஸ். போன வருசமும் என் காலுதான். அதே கான் ஓரத்துல மொதல்ல வழுக்குனது நான். சட்டுன்னு எந்திரிச்சிட்டேன், யாரும் பாக்கல. திரும்பிப் பாத்தா இவன் கீழ கெடந்தான். எல்லாரும் இவன்னு சொன்னாங்க. நானும் சொல்லிட்டேன்."

பண்டாரவுக்குத் தமிழ் அரைகுறை. அவர்கூடக் கையிலிருந்த வாளியைச் சத்தமில்லாமல் வைத்தார். சேர் ஜன்னல் பக்கம் திரும்பி மூக்குக் கண்ணாடியைத் தேடினார். ஒரு வருஷம் ஆரோக்கியத்தை ஆட்டக்கால் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். அவர் இரண்டு வார்த்தை பேசியிருந்தால் நாங்கள் யாரும் தடுத்திருக்க மாட்டோம்.

அவர் முழந்தாளிட்டு உட்கார்ந்து, மூப்பரின் காலைப் பிடித்து முக்காலி மேல் வைத்தார். "இழுத்துக்கிட்டு வைக்காதீங்க மூப்பரே" என்றார். "தொடக்கத்துல இழுக்கக் கூடாது."

ஷிபானா, டேப் வேலை செய்யுமா என்று கேட்டாய். டேப் ஒட்டியவர் ஆடவில்லை, ஒட்டாதவரும் ஆடவில்லை. உன் விரிவுரையாளர் இதை எந்தப் பக்கத்தில் போடுவார் என்று எனக்குத் தெரியாது. அந்தத் திங்கட்கிழமை எங்களிடம் ஒரு சாண் டேப்பும் இல்லை. மூப்பரின் காலைச் சாதாரண பண்டேஜால் கட்டி அனுப்பினேன். ஆரோக்கியத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு அவர் பஸ் நிற்கும் இடம் வரை நேராக நடந்து போனார்.